செத்த டெஸ்டும் தோத்த டெஸ்டும் ஒண்ணில்ல

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுறவங்க பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், நடுவுல எங்க மாமாவோட வயல் வரும். ரொம்ப டெக்னிக்கலா போற மாதிரி தெரிஞ்சா அந்த வயலுக்கு நேரா தாவிடுங்க :-)

போன மாசியில மண்டைக்காடு கொடை நடந்துகிட்டு இருந்தப்ப நான் மணவாளக்குறிச்சியில வீட்டுல உக்காந்து வேலை பாத்துட்டு இருந்தேன். தெருவுல பாதி பேர் கோயிலுக்குப் போயாச்சு. நான் மட்டும் ஒரு பையனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பையன் என் டீம்ல புதுசா சேர்ந்தவன். நாங்க பாக்கிற வேலை கம்பைலர் சம்பந்தப்பட்டது. எல்.எல்.வி.எம்-ஐ எடுத்து, எங்களுக்கு வேண்டிய மாற்றங்களைச் செஞ்சு வச்சுக்கிற வேலை. அவன் ஒரு சின்ன திருத்தம் அனுப்பியிருந்தான். நாற்பது வரி கூட இருக்காது. டெஸ்ட் ஓட்டினா பதினொரு டெஸ்ட் ஃபெயில்.

"தம்பி, ஓட்டிப் பார்க்காம அனுப்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" எல்லாரும் இருக்கிற காலில்தான் கேட்டேன். "அண்ணா, என் மெஷின்ல எல்லாம் பாஸ் ஆச்சு" என்றான். உலகத்திலேயே யாரும் நம்பாத வாக்கியம் அதுதான். நானும் நம்பவில்லை.

அஞ்சு நாள் அந்த நாற்பது வரியை முன்னும் பின்னும் புரட்டியிருக்கான் பாவம். ஆறாவது நாள் ராத்திரி நானே உக்காந்து, அவன் திருத்தம் எதுவுமே இல்லாத பழைய கோடை அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது டெஸ்ட் ஃபெயில். மறுபடி ஓட்டினேன். பதிமூணு. அதுவும் வேற வேற டெஸ்டுகள். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் செத்தா அது நோய் இல்ல, வீட்டுல கேஸ் லீக் ஆகுதுன்னு அர்த்தம்.

விஷயம் இதுதான். டெஸ்ட் ஓடுற இடம் ஒரு கன்டெய்னர். அதுக்கு 8 ஜி.பி. மெமரி மட்டும்தான்னு யாரோ எல்லை வச்சிருக்காங்க. ஆனா உள்ளே இருந்து பார்த்தா அடியில் இருக்கிற பெரிய மெஷினின் 32 கோரும் தெரியும். எல்.எல்.வி.எம்-மில் டெஸ்டை ஓட்டுற கருவிக்குப் பேர் லிட். பைதானில் எழுதினது. நாம ஒண்ணும் சொல்லலைன்னா எத்தனை கோர் கண்ணுக்குத் தெரியுதோ அத்தனை டெஸ்டை ஒரே நேரத்தில் ஓட்டும். கோரை எண்ணும், மெமரியை எண்ணாது. ஆக 8 ஜி.பி.க்குள்ள 32 டெஸ்ட். டீபக் இன்ஃபர்மேஷனோட, அசெர்ஷன் எல்லாம் போட்டுக் கட்டின கம்பைலர் வேற. பெரிய டெஸ்டுகள் நாலஞ்சு தற்செயலா ஒண்ணா வந்து விழுந்துச்சுன்னா எல்லையைத் தாண்டிடும். லினக்ஸ் கெர்னல் வந்து ஒருத்தனைக் கொன்னுடும். எவன் அதிகமா மெமரி வச்சிருக்கானோ பெரும்பாலும் அவன்தான் காலி.

"ஃப்ரீ" கமாண்டு போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீங்க. போட்டேன். கன்டெய்னருக்குள்ள அது அடியில் இருக்கிற மெஷினோட மொத்த மெமரியைத்தான் காட்டுது. தாராளமா இருக்குன்னு சிரிக்குது. கெர்னலோட மரணக் குறிப்பும் உள்ளே தெரியல, வெளி மெஷினோட லாக்கில்தான் இருந்துச்சு. அந்த லாக்கைப் பார்க்க எனக்கு அனுமதி இல்ல. கேட்டு வாங்க இன்னும் ஒரு நாள்.

இதுல இன்னொரு கூத்து. எல்.எல்.வி.எம் டெஸ்டுகள்ல பெரும்பாலும் கம்பைலர் துப்புறதை அப்படியே ஃபைல்செக் என்கிற இன்னொரு புரோகிராமுக்குக் குழாய் போட்டு அனுப்புவாங்க. எதிர்பார்த்த வரிகள் வந்திருக்கான்னு ஃபைல்செக் பார்க்கும். கம்பைலர் நடுவுல கொல்லப்பட்டா குழாயில் ஒண்ணும் வராது. அப்ப ஃபைல்செக், உள்ளீடு காலியா இருக்குன்னு புகார் சொல்லும். லாக்கைப் படிக்கிற அவசரக்காரன் (நான்தான்) முதல்ல அதைத்தான் பார்ப்பான். "ஓஹோ, இவன் திருத்தத்தால கம்பைலர் ஒண்ணும் எழுதாம போகுது" என்று முடிவு கட்டுவான். கொஞ்சம் தள்ளிப் பார்த்திருந்தா கம்பைலர் மைனஸ் 9 என்று வெளியேறியிருக்கிறது தெரிஞ்சிருக்கும். மைனஸ் 9 என்றால் சிக்னல் 9. வெளியே இருந்து எவனோ கொன்னிருக்கான் என்று பொருள். ஷெல் வழியா பார்த்தா அதே சாவு 137 என்று தெரியும், 128-ம் 9-ம்.

அடுத்த நாள் அதே காலில், எல்லார் முன்னாலும், அந்தப் பையன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். அந்தப் பரவால்ல எனக்கு இன்னும் உறுத்துது. அதனால்தான் இந்தப் பதிவு.

சரி, இப்ப மாமா வயல்.

எங்க மாமாவுக்குக் கடைவரம்புல கொஞ்சம் வயல் உண்டு. வெளியூர் பதிவர்களுக்காகச் சொல்றேன், சானல் தண்ணி கடைசியா வந்து சேருற இடத்துக்கு எங்க பக்கம் கடைவரம்புன்னு பேரு. பேச்சிப்பாறை அணை திறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்த அன்னைக்கே மேல இருக்கிறவங்க எல்லாரும் ஒரே நேரத்துல மடையைத் திறந்தா, கடைவரம்புக்கு ஈரம் கூட வராது. "அணையில தண்ணி இல்லன்னு அர்த்தமா மருமவனே? முறை வச்சு விடல, அவ்வளவுதான்" என்பார் மாமா. 1906-ல் கட்டி முடிச்ச அணை. அதுக்கு அப்புறம் இத்தனை தலைமுறையா எங்க ஆளுங்க போடுற சண்டையில முக்கால்வாசி இந்த முறை பத்திதான்.

இதுல இன்னொண்ணும் கவனிக்கணும். தண்ணி வராம மாமா வயல் காஞ்சு போனா அவர் போட்ட விதை சரியில்லைன்னு யாராவது சொல்வாங்களா? சொன்னா மாமா மண்வெட்டியை எடுத்துருவார். நான் அந்தப் பையனுக்குச் செஞ்சது அதேதான். தண்ணி வராத வயலைப் பார்த்து விதையைக் குத்தம் சொன்னேன்.

என் கட்சி இதுதான்: மெமரி இல்லாம செத்த டெஸ்டை ஃபெயில் என்று எழுதக்கூடாது. பாஸ் என்றும் எழுதக்கூடாது. செல்லாத ஓட்டு மாதிரி தனியா எடுத்து வைக்கணும். செல்லாத ஓட்டை எடுத்து எதிர்க்கட்சிக்குப் போட்டா ஊரு சும்மா இருக்குமா? ஆனா டெஸ்ட் லாக்கில் நாம தினமும் அதைத்தான் செய்றோம்.

இதுக்கு நான் புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், வார்த்தை ஏற்கனவே இருக்கு. ஜி.சி.சி. டெஸ்டுகளை ஓட்டுற டெஜாக்னு, பாசிக்ஸ் 1003.3 வரையறையைப் பின்பற்றுது. அதுல பாஸ், ஃபெயில் மட்டுமில்ல. அன்டெஸ்டட், அன்சப்போர்ட்டட், அன்ரிசால்வ்டு என்றும் முடிவுகள் உண்டு. அன்ரிசால்வ்டு என்றால் "என்னால தீர்ப்புச் சொல்ல முடியல, மனுஷன் வந்து பாருப்பா" என்று அர்த்தம். லிட்டிலும் அந்த முடிவு உண்டு. டைம் அவுட்டுக்குத் தனியா ஒரு முடிவே வச்சிருக்காங்க. நேரம் போதாம செத்தவனுக்குத் தனி வரிசை இருக்கு, மெமரி போதாம செத்தவனை மட்டும் குற்றவாளி வரிசையில் நிக்க வைக்கிறது என்ன நியாயம்?

செய்யறதும் கஷ்டமில்ல. இப்பத்தைய லினக்ஸில் ஒவ்வொரு சிகுரூப்புக்கும் மெமரி டாட் ஈவென்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கு. அதுக்குள்ள "ஊம் கில்" என்று ஒரு எண். மெமரி இல்லாம எத்தனை பேரைக் கொன்னிருக்கு என்கிற கணக்கு. டெஸ்ட் தொடங்கும்போது ஒரு தடவை படி, முடிஞ்சதும் ஒரு தடவை படி. எண் ஏறியிருந்தா அந்த ஓட்டம் செல்லாது, மறுபடி ஓட்டு. பத்து வரி ஸ்கிரிப்ட். அந்தப் பையன் அஞ்சு நாள் முடி பிச்சுக்கிட்டதுக்குப் பதில் பத்து வரி.

பாஸ் என்றும் எழுதக்கூடாதுன்னு ஏன் சொன்னேன்? எல்.எல்.வி.எம்-மில் சில டெஸ்டுகள் கம்பைலர் விழணும் என்றே எதிர்பார்க்கும். "நாட்" என்கிற கருவியோட கிராஷ் என்கிற விருப்பத்தைச் சேர்த்து எழுதியிருப்பாங்க. சிக்னல் வாங்கிச் செத்தா அது சரி என்று ஏத்துக்கும். கெர்னல் கொன்னாலும் சிக்னல்தான். பக்கத்துல என்ன செய்தி வந்துச்சுன்னு ஃபைல்செக் சரிபாக்காத இடமா இருந்தா, வேற காரணத்துக்குச் செத்தவன் வெற்றி பெற்றதா அறிவிக்கப்படுவான். பொய் ஃபெயிலை விட பொய் பாஸ் மோசம். அதை யாரும் தேடவே மாட்டாங்க.

இப்ப எதிர்வாதங்களுக்கு வருவோம். ஆபீஸ்ல எல்லாத்தையும் கேட்டாச்சு.

முதலாவது, "ராம் வாங்கிப் போடு, ராம் சீப்தானே." சீப்பா இருந்துச்சு. 2025 கடைசியில் ராம் விலை என்ன ஆச்சுன்னு லேப்டாப் வாங்கப் போனவங்களைக் கேளுங்க. ஏ.ஐ. சர்வர்களுக்கே சில்லு போதல. மைக்ரான் தன்னோட குரூஷியல் பிராண்டில் நம்மள மாதிரி சில்லறை ஆட்களுக்கு விக்கிறதை நிறுத்தப்போறதா 2025 டிசம்பரில் அறிவிச்சது. அது மட்டுமில்ல, காசு இருந்தாலும் இந்தப் பதில் தப்பு. கோர் கூடக் கூட டெஸ்டும் கூட ஓடும், மறுபடி அதே கதை. மடையை எண்ணாம அணையை மட்டும் உயர்த்தினா கடைவரம்புக்கு எப்பவும் தண்ணி வராது.

இரண்டாவது, "அந்தப் பெரிய டெஸ்டுகளை ஸ்கிப் பண்ணிரு." இதுதான் ஆபத்தானது. ஜி.சி.சி-யில் லிமிட்ஸ் என்று பேர் தொடங்குற டெஸ்டுகள் உண்டு. ஒரு ஃபங்ஷனுக்கு எக்கச்சக்கமா ஆர்குமென்ட் கொடுத்தா, அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறியா போட்டுக்கிட்டே போனா கம்பைலர் தாங்குதா என்று பார்க்கிறவை. அவை நிறைய மெமரி தின்னும், தின்னுறதுதான் அவற்றோட வேலையே. பரீட்சையில கஷ்டமான கேள்வியை எடுத்துட்டு எல்லாரும் நூத்துக்கு நூறு என்று சொல்ற மாதிரி ஆகிடும். வேணும்னா ஜி.சி.சி. செய்ற மாதிரி செய்யலாம். அதிக நேரம் பிடிக்கிற டெஸ்டுகளுக்குத் தனி முத்திரை வச்சிருக்காங்க. ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை அமைச்சாத்தான் அவை ஓடும். அதுல ஒளிவு மறைவு இல்ல. ஓடலைன்னா ஓடலைன்னு லாக்கில் தெரியும்.

மூணாவது, "ஒண்ணொண்ணா ஓட்டு." சரியான பதில், ஆனா பாதிதான். ஒரு டெஸ்டுக்கு மெமரி எவ்வளவு வேணும் என்று அளக்காம ஒண்ணுன்னு போட்டா நாள் பூரா ஓடும். பொறுமை இழந்து அடுத்த வாரமே எல்லாரும் பழையபடி 32-க்குத் திரும்பிடுவாங்க.

நான் இப்ப என் சொந்த லேப்டாப்பில் செய்யறதைச் சொல்றேன். 8 ஜி.பி., பழசு. அதுல எல்.எல்.வி.எம் டெஸ்ட் ஓட்டுறேன், ஓடுது.

முதல்ல அளக்கணும். டைம் கமாண்டுக்கு மைனஸ் வி கொடுத்தா அதிகபட்ச மெமரி காட்டும். ஆனா அதுல ஒரு பொறி இருக்கு: அது ஓடினவங்கள்ல பெரிய ஒருத்தனோட அளவைத்தான் சொல்லும், எல்லாரோட கூட்டுத்தொகையை இல்ல. கூட்டுத்தொகை வேணும்னா சிகுரூப்பில் மெமரி டாட் பீக் என்கிற ஃபைலைப் பார்க்கணும். 2022-ல் வந்த 5.19 கெர்னலிலிருந்து இருக்கு.

அப்புறம் பள்ளிக்கூடக் கணக்கு. 8-ல் 2 ஜி.பி. டெஸ்க்டாப்புக்கும் பிரௌசருக்கும் போச்சு. மிச்சம் 6. ஒரு டெஸ்ட் மோசமான நேரத்தில் ஒன்றரை ஜி.பி. தின்னுதுன்னு அளந்திருந்தா, ஒரே நேரத்தில் 4. லிட்டுக்கு மைனஸ் ஜே 4 என்று வெளிப்படையாச் சொல்லணும். தானா கண்டுபிடிக்க விடக்கூடாது.

கட்டும்போது லிங்க் பண்றதைத் தனியா கட்டுப்படுத்தணும். டீபக் இன்ஃபர்மேஷனோட பெரிய பைனரியை லிங்க் பண்றது ஒண்ணொண்ணும் சில ஜி.பி. கேட்கும். லிங்க் வேலை ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று எல்.எல்.வி.எம் சீமேக்கில் தனி விருப்பமே இருக்கு. நான் 1 என்று வச்சிருக்கேன். டீபக் கட்டாயம் இல்லைன்னா ரிலீஸா கட்டி அசெர்ஷனை மட்டும் திறந்து விடுறேன். டெஸ்டுக்கு அது போதும்.

கடைசியா வேலி. சிஸ்டம்டி ரன் மூலமா ஒரு ஸ்கோப் போட்டு, மெமரி மேக்ஸ் 6 ஜி.பி. என்று எல்லை வச்சு, அதுக்குள்ள டெஸ்டை ஓட்டுறேன். மெமரி முட்டினா சாவு அந்த வேலிக்குள்ளதான், பாதி எழுதின பதிவு இருக்கிற பிரௌசர் சாகாது :-) யூலிமிட் போதாதான்னு கேட்டா, எல்லாத்துக்கும் போதாது. அது விர்ச்சுவல் மெமரியை அளக்கும். அட்ரஸ் சானிடைசர் மாதிரி ஆட்கள் 64 பிட்டில் டெராபைட் கணக்கில் முகவரி இடத்தை முன்பதிவு செஞ்சு வைப்பாங்க, உண்மையில் தொடுறது கொஞ்சம்தான். கல்யாண மண்டபம் புக் பண்ணவன் எல்லா நாற்காலியிலும் உக்காந்துட்டான்னு நினைக்கிற கதை. யூலிமிட் வச்சா அந்த டெஸ்டுகள் எல்லாம் தொடங்கும்போதே விழும்.

ஸ்வாப் இருக்கே என்று விட்டுடவும் கூடாது. டிஸ்குக்குத் தூக்கிப் போட்டு எடுத்துக்கிட்டே இருந்தா டெஸ்ட் சாகாது, இழுத்துக்கிட்டே கிடக்கும். டெஜாக்னு 300 விநாடி பார்த்துட்டு நேரம் முடிஞ்சதுன்னு சொல்லும். அதுவும் ஃபெயில் கணக்கில்தான் போய்ச் சேரும்.

இவ்வளவையும் ஒவ்வொருத்தனும் தானா கண்டுபிடிக்கணுமா? இங்கதான் புராஜெக்ட்டுகள் மேல எனக்குக் கொஞ்சம் கோபம். நினைச்சா அவங்களால முடியும். லிட்டில் பேரலலிசம் குரூப் என்று ஒரு வசதி இருக்கு: இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டெஸ்டுகள் ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல ஓடக்கூடாது. மேக்கில் ஷேடோ மெமரி பயன்படுத்துற சானிடைசர் டெஸ்டுகளுக்கு அப்படி 3 என்று எல்லை வச்சிருக்காங்க. அதையே மெமரி தின்னுற எல்லா டெஸ்டுக்கும் செய்யலாமே. ஒவ்வொரு டெஸ்ட் தொகுப்பும் "என்னை ஓட்ட ஆளுக்கு இவ்வளவு மெமரி வேணும்" என்று முதல் பக்கத்துல ஒரு வரி எழுதலாமே. ஜி.சி.சி. தன் குப்பை பொறுக்குற வேகத்தையே மெஷினில் இருக்கிற ராமைப் பார்த்துத்தான் தீர்மானிக்குது. கம்பைலருக்கு இருக்கிற அந்த அறிவு டெஸ்டை ஓட்டுறவனுக்கும் இருந்தா என்ன?

இதை நான் வெறும் வசதிக் குறைச்சலா பார்க்கல. நான் படிச்ச காலேஜ் லேபில் டர்போ சி-தான். 640 கே.பி. காலத்து சாமான், நீலத் திரை. அதிலிருந்து வெளியே வந்து, உண்மையான ஒரு கம்பைலருக்குத் திருத்தம் அனுப்பணும் என்று ஆசைப்பட்டவன் முதல்ல மோதுறது கோட்பாட்டில் இல்ல, மெமரியில். ஐ.ஐ.டி. பாம்பேயில் படிச்ச விக்ரம் ஆட்வேயும் அவரோட மாணவர் கிறிஸ் லாட்னரும் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 2000-ல் தொடங்கினதுதான் எல்.எல்.வி.எம். யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனா குளச்சலிலோ தக்கலையிலோ 8 ஜி.பி. லேப்டாப் வச்சிருக்கிற ஒரு பிள்ளை டெஸ்டை ஓட்டி, முப்பது ஃபெயிலைப் பார்த்து, "எனக்கு இது சரிப்படாது" என்று மூடி வச்சுட்டா, கதவு திறந்திருந்து என்ன பிரயோஜனம்? அது தோக்கல, மெஷின்தான் செத்துச்சு. இதை அதுக்குச் சொல்ல ஆள் வேணும். ஆளைவிட லாக்கே சொல்லணும்.

நானும் ஒரு காலத்துல அப்படி மூடி வச்சவன்தான். 2020-ல், லாக்டவுன் சமயம். ஒரு சின்ன திருத்தம் செஞ்சேன், டெஸ்ட் விழுந்துச்சு, என் மூளைதான் சரியில்லைன்னு அழிச்சுட்டேன். அது சரியா தப்பா என்று இப்ப தெரிஞ்சுக்க வழியே இல்ல. அந்தப் பையனையும் அதே இடத்துக்குத் தள்ளப் பார்த்தேன் என்பதுதான் இதுல எனக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம்.

அவனோட திருத்தம் மறுவாரமே உள்ளே போயிடுச்சு. பத்து வரி ஸ்கிரிப்டையும் அவன்தான் எழுதினான். நான் எழுதுறேன் என்றேன், "வேண்டாம்ணா, நீங்க கொடைக்குப் போயிட்டு வாங்க" என்றான். கொடை முடிஞ்சு மூணு நாள் ஆச்சுடா தம்பி.

உங்க மெஷின் எவ்வளவு ஜி.பி., டெஸ்ட் எத்தனை ஜே-யில் ஓட்டுறீங்கன்னு பின்னூட்டத்துல போடுங்க. "ராம் வாங்குங்க பாஸ்" என்று எழுத வர்றவங்க, எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கி மணவாளக்குறிச்சிக்கு அனுப்பிட்டு எழுதவும்.